சூப்பர்சார்ஜர் உள்ள மினி கூப்பர் எஸ்: எந்த ஏர் இன்டேக் வாங்குவது?

கேள்வி இது: இங்கிலாந்தில் இருக்கிறீர்கள். 2005 மாடல் மினி கூப்பர் எஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். தினமும் வேலைக்குப் போவது அதில்தான், வார இறுதியில் கொஞ்சம் ஆசையாக மிதித்து ஓட்டுவதும் அதில்தான். கம்பெனி ஏர் பாக்ஸை (காரோடு வந்த ஃபில்டர் பெட்டியை) கழற்றிவிட்டுத் திறந்த கோன் ஃபில்டர் போடலாமா, மூடிய பெட்டியோடு வரும் கோல்ட் ஏர் கிட் வாங்கலாமா, மினியின் ஸ்போர்ட்ஸ் பெயரான ஜான் கூப்பர் வொர்க்ஸின் பழைய பாக்ஸ் கிடைத்தால் அதுவே போதுமா, எவ்வளவு பவர் கூடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்த கோன் வேண்டாம். கம்பெனி பாக்ஸை வைத்துக்கொண்டு, அதற்குள் நல்ல ஃபில்டர் போட்டு, பாக்ஸின் பின்சுவர் வழியாக முன் கண்ணாடிக்கு அடியிலிருந்து குளிர்ந்த காற்று வர வழி செய்யுங்கள். இதே வேலையைச் செய்வதுதான் ஜான் கூப்பர் வொர்க்ஸ் பாக்ஸ். நல்ல நிலையில், நியாயமான விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். விற்பனைக்கு வரும் மூடிய கிட்களில் நல்லவை உண்டு. ஆனால் அதற்குப் போகும் பணத்தில் இந்தக் கார் முதலில் கேட்கும் வேறு வேலைகள் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

இது ஆர்53 என்று அழைக்கப்படும் வண்டி. ஹேட்ச்பேக் 2006 வரை வந்தது. 1.6 லிட்டர் டிரைடெக் எஞ்சின், பிரேசிலில் குரிச்சிபாவுக்குப் பக்கத்தில் காம்போ லார்கோவில் கிறைஸ்லரும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து நடத்திய ஆலையில் செய்தது. அதில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினே சுற்றும், இரண்டு சுழலிகளால் காற்றை உள்ளே திணிக்கும் பம்ப். முதலில் 163 பிஎஸ் (குதிரைத்திறன்), 2004-இல் முகம் மாற்றிய பிறகு 170 பிஎஸ். உங்களுடையது 170 ஆகத்தான் இருக்கும்.

எம்45 என்றால் ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும் என்று அர்த்தம். எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது இது ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றுகிறது. 6,500 ஆர்பிஎம்மில் சூப்பர்சார்ஜர் 13,000 சுற்று. பெருக்கினால் நிமிடத்துக்கு 9,600 லிட்டர் வரும். சுழலிகளின் இடுக்கில் கசிவது போக 7,000, 8,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஏர் இன்டேக் செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான்: அந்த 7,500 லிட்டரை அதிகம் தடுக்காமல், சூடாக்காமல், தூசி இல்லாமல் கொண்டு போய்ச் சேர்ப்பது.

இனி இந்தக் காரில் காற்று போகும் வழியைப் பாருங்கள். முன்னால் கிரில் பக்கத்தில் ஒரு மூக்குக் குழாய். அங்கிருந்து கியர்பாக்ஸுக்கு மேலே, கண்ணாடிப் பக்கம் தள்ளி இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே தட்டையான ஃபில்டர். அப்புறம் ரப்பர் குழாய், த்ராட்டில் பாடி, அதற்குப் பிறகுதான் சூப்பர்சார்ஜர். அங்கே அழுத்தமும் சூடும் ஏறிய காற்று, எஞ்சின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலர் வழியாக மேனிஃபோல்டுக்குப் போகிறது. பானட்டில் இருக்கும் வாய் அந்த இன்டர்கூலருக்குத்தான் காற்று கொடுக்கிறது. எஞ்சின் மூச்சு வாங்குவது அந்த வழியாக என்று நினைத்து, அதைப் பெரிதாக்கினால் பவர் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள் நிறையப் பேர். அது வேறு வழி, இது வேறு வழி.

இந்த அமைப்பில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இவ்வகை சூப்பர்சார்ஜர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கன அளவைத்தான் எடுக்கும். அந்த அளவுக்குள் எத்தனை கிராம் காற்று இருக்கிறது என்பது அதன் வாசலிலேயே முடிவாகிவிடுகிறது. வாசலில் காற்று சூடாக இருந்தால் விரிந்து லேசாக இருக்கும், கிராம் குறையும். வாசலில் உறிஞ்சும் இழுவை அதிகமானால் அப்போதும் காற்று மெலிந்துபோகும், கிராம் குறையும். "சூடான காற்று போனால் என்ன, அதுதான் இன்டர்கூலர் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். இன்டர்கூலர் உள்ளே வந்த காற்றைக் குளிர வைக்கும், வராமல் போன காற்றை அதனால் கொண்டுவர முடியாது.

இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், இன்டேக் வாங்கும் யாரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வளிமண்டல அழுத்தம் என்பது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். ஆகவே இன்டேக்கில் 10 செ.மீ. தண்ணீர் அளவுக்கு இழுவை இருந்தால் 1 சதவீதக் காற்று போச்சு. வெப்பக் கணக்கில், அறை வெப்பத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு 3 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 1 சதவீதம் அடர்த்தி குறைகிறது. சேர்த்துப் பார்த்தால், 3 டிகிரி சூடும் 10 செ.மீ. இழுவையும் ஒரே நஷ்டம்.

இப்போது திறந்த கோனை இந்தத் தராசில் வையுங்கள். பெட்டி இல்லை, மூக்குக் குழாய் இல்லை, ஃபில்டரின் பரப்பு பெரியது. இழுவை 20 செ.மீ. குறைகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். லாபம் 2 சதவீதம், 170-இல் மூன்றரை குதிரைத்திறன். ஆனால் அந்தக் கோன் இருப்பது மூடிய பானட்டுக்குள். ஆர்53-இல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் எஞ்சினுக்குப் பின்பக்கம், கேபின் சுவரை ஒட்டி இருக்கிறது; முன்னால் ரேடியேட்டர். இரண்டின் சூடும் அந்தச் சின்ன இடத்தில்தான் சுற்றுகிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது கோன் இழுக்கும் காற்று வெளிக்காற்றைவிட 20 டிகிரி கூட இருப்பது சாதாரணம். 20 டிகிரி என்றால் 6 சதவீதத்துக்கு மேல். 3.5 கொடுத்து 10 எடுத்துக்கொண்டது.

அத்துடன் முடிவதில்லை. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தும்போது அதுவும் சூடாக்குகிறது. ரூட்ஸ் எனப்படும் இந்த இரட்டைச் சுழலி வகை இந்த விஷயத்தில் கொஞ்சம் மோசம், அதன் திறன் 55 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். 0.8 பார் பூஸ்டில் (சூப்பர்சார்ஜர் கூட்டும் அழுத்தத்தில்), 30 டிகிரியில் உள்ளே போன காற்று 130 டிகிரிக்குப் பக்கத்தில் வெளியே வரும். 50 டிகிரியில் உள்ளே போனால் 157. வாசலில் 20 டிகிரி வித்தியாசம், வெளியே வரும்போது 27 ஆகிவிட்டது. அதைச் சுமப்பது எஞ்சின் சூட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன இன்டர்கூலர். மேனிஃபோல்டில் சூடு ஏறினால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வரும் வாய்ப்பு கூடுகிறது, நாக் சென்சார் அதைக் கேட்டதும் எஞ்சினின் கணினியான இசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. நீங்கள் மிதிக்கிறீர்கள், சத்தம் வருகிறது, வேகம் வருவதில்லை. கோடை மாலை டிராஃபிக்கில் இந்தக் கார் சோம்பலாக இருக்கிறது என்று சொல்பவர்களின் பானட்டைத் திறந்தால், பல நேரம் உள்ளே பளபளவென்று ஒரு கோன் இருக்கும்.

கோன் போட்டவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. சூப்பர்சார்ஜரின் அந்த விசில் சத்தம் இந்தக் காரின் உயிர். பெட்டியின் சுவர் அந்தச் சத்தத்தை அடக்குகிறது, கோன் அதைத் திறந்துவிடுகிறது. அந்தச் சத்தத்துக்காகவே போடுகிறேன் என்றால் அது நேர்மையான காரணம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். பவருக்காக என்றால் பணம் வீண். டைனோ (காரை நிறுத்திவைத்துப் பவர் அளக்கும் இயந்திரம்) ரிப்போர்ட் காட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். டைனோவில் பானட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய ஃபேனை ஓடவிட்டுத்தான் பெரும்பாலும் ஓட்டுவார்கள். அப்போது கோனுக்குக் கிடைப்பது அறைக் காற்று. சாலையில் அது கிடைக்காது. ரிப்போர்ட்டைப் பார்த்தால், பானட் மூடியிருந்ததா என்பதை முதலில் கேளுங்கள்.

இன்னொரு விளம்பர வார்த்தை ராம் ஏர். கார் வேகமாகப் போகும்போது காற்று தானாக உள்ளே திணிக்கப்படும் என்கிறார்கள். மோட்டார்வேயில் மணிக்கு 70 மைல் வேகத்தில் முன்னால் மோதும் காற்றின் அழுத்தம், கணக்குப் போட்டால், சுமார் 6 செ.மீ. தண்ணீர். மொத்தத்தையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும் 0.6 சதவீதம். முன்பக்க வாய் பயன்படுவது வெளிக்காற்று குளிர்ந்தது என்பதால்தான், திணிப்பதால் அல்ல.

சரி, பெட்டிக்கு வருவோம். ஆர்53-இன் கம்பெனி பெட்டி மோசமான பொருள் இல்லை. அதன் குறை மூக்குக் குழாயில்தான்: நீளம், ஒடுக்கம், வளைவு. சத்தத்தைக் குறைக்கவும் தண்ணீரைத் தடுக்கவும் அப்படிச் செய்திருக்கிறார்கள். மினிக்காரர்களே 210 பிஎஸ் ஜான் கூப்பர் வொர்க்ஸ் கிட்டில் இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. பெட்டியின் பின்சுவரில் ஒரு மடல் வைத்தார்கள். மெதுவாகப் போகும்போது மூடியிருக்கும். ஆர்பிஎம் ஏறி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது அது திறக்கும். அதற்குப் பின்னால் இருப்பது முன் கண்ணாடியின் அடிவாரம், வைப்பர்கள் இருக்கும் அந்தப் பள்ளம். கார் ஓடும்போது பானட்டின் மேல் வழுக்கி வரும் காற்று கண்ணாடியில் முட்டித் தேங்கும் இடம் அது. கேபினுக்குள் வரும் காற்றைப் பல கார்களில் அங்கிருந்து எடுப்பதற்கும் அதுதான் காரணம். எஞ்சின் சூடு படாத வெளிக்காற்று, குட்டையான வழி, வளைவு இல்லை. அமைதியும் கிடைத்தது, மிதிக்கும்போது சத்தமும் காற்றும் கிடைத்தது.

பழைய ஜான் கூப்பர் வொர்க்ஸ் (ஜேசிடபிள்யூ) பாக்ஸை வாங்குவதாக இருந்தால் மடலும் அதை இயக்கும் பாகங்களும் கூடவே வருகின்றனவா என்று பாருங்கள். பெட்டியை மட்டும் மாட்டினால் மடல் தானாகத் திறக்காது, அதற்கு ஆணை கொடுக்க அந்த கிட்டின் மென்பொருள் வேண்டும். அதனால் சாதாரணக் கூப்பர் எஸ்ஸில் மாட்டுபவர்கள் மடலைக் கழற்றிவிட்டோ, திறந்தபடி நிறுத்தியோ ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் எப்போதும் கொஞ்சம் சத்தம் கூட இருக்கும், வேறு குறை இல்லை. ஆனால் அந்த நிலையில் உங்கள் பழைய பெட்டியின் பின்சுவரை அளவாக வெட்டித் திறந்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான். ஜேசிடபிள்யூ என்ற பெயருக்காக மும்மடங்கு கேட்டால் விட்டுவிடுங்கள்.

வெட்டுவதாக இருந்தால் கவனம். முதலாவது, இந்தக் காரின் இசியு அந்தப் பெட்டியின் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கத்தியோ ரம்பமோ வைக்கும் முன் பெட்டியை முழுதாகக் கழற்றி, இசியுவைத் தனியாக எடுத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான் அதன் சாக்கெட்டைத் தொட வேண்டும். இரண்டாவது, வெட்டும் இடம் ஃபில்டருக்கு முன்னால், அதாவது அழுக்குக் காற்று இருக்கும் பக்கத்தில் மட்டும். மூன்றாவது, திறப்பைச் சுற்றி நல்ல தடிமனான ஃபோம் பட்டை ஒட்டி, பின்னால் இருக்கும் உலோகத் தடுப்போடு இடைவெளி இல்லாமல் அழுந்தும்படி செய்யுங்கள். இந்த ஃபோமைச் சோம்பலில் விட்டுவிட்டால் பானட்டின் சூடான காற்று அந்த இடுக்கு வழியாகவே உள்ளே போகும், செய்த வேலை எல்லாம் கோன் போட்டதற்குச் சமமாகிவிடும்.

அப்புறம் மழை. வைப்பர் பள்ளத்தில் தண்ணீர் வரத்தான் செய்யும், இங்கிலாந்து மழையில் நிறையவே வரும். அது கீழே வடிய வழிகள் இருக்கின்றன, ஆனால் மரத்தடியில் நிற்கும் கார்களில் இலைகள் மக்கிக் கறுப்புச் சேறாகி அந்த வழிகளை அடைத்திருக்கும். பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி, கையை விட்டு அந்தச் சேற்றை அள்ளி வெளியே எடுங்கள், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள். இலையுதிர் காலத்தில் இன்னொரு தடவை. திறப்பின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் உயரமாக விடுங்கள், பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிதறும் துளிகளை ஃபில்டர் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. பம்பருக்கு அடியில் ஃபில்டரைத் தொங்கவிடும் நீளக் குழாய் கிட்களை நான் யாருக்கும் சொல்லாததும் இதனால்தான். வெள்ளம் தேங்கிய சாலையில் ஒரே ஒரு தடவை ஃபில்டர் மூழ்கினால் போதும், சிலிண்டருக்குள் தண்ணீர் போய்க் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

ஃபில்டர் எது? சூப்பர்சார்ஜர் உள்ள காரில் தூசியைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். சுழலிகள் ஒன்றை ஒன்று தொடாமல், முடியளவு இடைவெளியில் சுற்றுகின்றன. அவற்றின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது, இடைவெளியை இன்னும் குறைப்பது அந்தப் பூச்சுதான். நுண்ணிய மணல் அதைத் தேய்க்கத் தேய்க்கக் கசிவு கூடும், பூஸ்ட் குறையும், போன பூச்சு திரும்பி வராது. தூசியை நிறுத்துவதில் நல்ல காகித ஃபில்டருக்கு நிகர் குறைவு. கே அண்ட் என் போன்ற எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் இழுவையைக் கொஞ்சம் குறைக்கும், கழுவித் திரும்பப் போடலாம், ஆனால் சரியான அளவு எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் ஃபில்டரால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் மாஸ் சென்சார் கெட்டுப்போகும் என்ற பயம் இந்தக் காருக்குப் பொருந்தாது, ஏனென்றால் ஆர்53-இல் அந்தச் சென்சாரே கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துத்தான் இசியு காற்றைக் கணக்கிடுகிறது. என்னைக் கேட்டால், தினசரி ஓட்டத்துக்குப் பெட்டிக்குள் பருத்தித் தட்டு ஃபில்டர் போடலாம், புழுதிச் சாலையில் ஓட்டுபவர் காகிதமே போட்டு அடிக்கடி மாற்றலாம்.

ஏர் மாஸ் சென்சார் இல்லாததில் ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. வசதி, குழாயின் விட்டம் மாறினாலும் எரிபொருள் கணக்கு கலையாது, தனியாக டியூனிங் செய்ய வேண்டியதில்லை. சென்சார் உள்ள வேறு கார்களில் அந்தக் குழாயை மாற்றினால் கலவையே தவறிப்போகும். ஆபத்து, ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே எங்காவது குழாய் விரிந்திருந்தாலோ கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ கார் வாயே திறக்காது. விளக்கு எரியாது, ஐட்லிங் ஆடாது. வடிகட்டாத காற்று மட்டும் நாள் முழுக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால் எந்த இன்டேக் மாட்டினாலும் சில வாரம் கழித்துக் குழாயைக் கழற்றி, ஃபில்டருக்குப் பின்னால் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் பரவாயில்லை, வால்வ் கவரிலிருந்து வரும் பிரீதர் குழாய் அங்கே வந்து சேர்வதால் அது இருக்கும். விரலில் நறநறவென்று தட்டுப்பட்டால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. அந்தப் பிரீதர் குழாய்க்கு இடம் வைக்காத கிட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

குழாய் அலுமினியமா சிலிகானா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முழுப் பவரில் 70 மி.மீ. குழாயில் காற்று நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, அரை மீட்டர் நீளத்தைக் கடக்க நொடியில் அறுபதில் ஒரு பங்குதான். அதற்குள் குழாய்ச் சுவர் அதைப் பெரிதாகச் சூடாக்க முடியாது. ஊர்ந்து போகும்போது அலுமினியம் சூடு பிடிக்கும், அவ்வளவுதான். வளைவு மென்மையாக இருக்கிறதா, ஓரங்கள் உள்ளே துருத்தாமல் இருக்கின்றனவா என்பதைப் பாருங்கள்.

வாங்கும் முன் அளந்து பார்க்கச் சொல்வேன், செலவு சில பவுண்டுதான். 3 மீட்டர் மெல்லிய கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய் வாங்கி, ஒரு பலகையில் ஆங்கில U எழுத்துபோல் வளைத்து ஒட்டி, அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு மீட்டர் இருக்கும்படி வையுங்கள். பாதி உயரத்துக்குச் சாயம் கலந்த தண்ணீர். ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் ரப்பர் குழாயில் ஒரு சின்னத் துளை வழியாகச் செருகுங்கள், மறு முனை திறந்திருக்கட்டும். காலியான சாலையில் இரண்டாவது கியரில் முழுக்க மிதித்து 6,500 வரை போகும்போது, பக்கத்தில் இருப்பவர் இரண்டு தண்ணீர் மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்கட்டும். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும். 10 செ.மீ. பக்கம் வந்தால் இன்டேக்கைத் தொடவே வேண்டாம், பெறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால் வேலைக்குப் பலன் உண்டு. அப்போது குழாயின் முனையைப் பெட்டியில் ஃபில்டருக்கு முன்பக்கம் மாற்றி இன்னொரு தடவை ஓடுங்கள். அங்கேயும் பெரும்பகுதி இழுவை இருந்தால் குற்றவாளி மூக்குக் குழாய், பின்சுவரைத் திறந்தால் தீரும். அங்கே இல்லையென்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, புது ஃபில்டர் போதும். முடிந்ததும் துளைகளை நன்றாக அடைத்துவிடுங்கள்.

இதே அளவுகோலை வைத்து விளம்பரத்தையும் சோதிக்கலாம். 170 குதிரைத்திறனில் 15 கூடும் என்றால் ஏறக்குறைய 9 சதவீதம். இழுவை குறைவதால் மட்டும் அது வர வேண்டுமென்றால் 90 செ.மீ. தண்ணீர் மிச்சமாக வேண்டும். இழுவை குறைந்தால் சூப்பர்சார்ஜரைச் சுற்ற எஞ்சின் செலவழிக்கும் பவரும் கொஞ்சம் மிச்சமாகும் என்றாலும் கணக்கு அவ்வளவு தூரம் நீளாது. உங்கள் பெட்டி மொத்தமே 30 செ.மீ. இழுத்தால் 90 எங்கிருந்து வரும்?

இதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் என்று சொன்னேன். இருபது வருடக் கார் இது. இன்டர்கூலரின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் பூட்களை (இணைப்பு உறைகளை) கழற்றி விரித்துப் பாருங்கள், மடிப்பில் வெடிப்பு இருக்கும், பூஸ்ட் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும். பானட் வாய்க்கும் இன்டர்கூலருக்கும் நடுவே உள்ள சீல் கிழிந்திருந்தால் குளிர்காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். வேண்டாத நேரத்தில் பூஸ்ட்டைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வ் தளர்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரைப் பாதி மிதிக்கும்போது கார் தயங்கித் தயங்கி இழுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த எஞ்சினின் வாட்டர் பம்ப் சூப்பர்சார்ஜரின் பின்பக்கக் கியர்களால்தான் சுற்றுகிறது. அந்தக் கியர் அறையில் கொஞ்சம்தான் எண்ணெய், வருடங்களில் அது காய்ந்துபோகும். காய்ந்தால் கியர் தேயும், பம்ப் நிற்கும், எஞ்சின் கொதிக்கும். எண்ணெய் மாற்றச் சூப்பர்சார்ஜரைக் கீழே இறக்க வேண்டும், அதற்குக் காரின் முன்பக்கத்தையே முன்னுக்கு இழுக்க வேண்டும், கூலி அதிகம். உங்கள் கார் எப்போது அந்த வேலையைப் பார்த்தது என்பதற்கு ரசீது இல்லையென்றால், இன்டேக் கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குக் கொடுங்கள்.

அதற்காகச் சூப்பர்சார்ஜரை இறக்கும்போது சின்னப் புல்லி (சூப்பர்சார்ஜரைச் சுற்றும் பெல்ட் சக்கரம்) போடும் யோசனையும் வரும், வரட்டும். 15 சதவீதம் சின்னப் புல்லி போட்டால் சூப்பர்சார்ஜர் சுமார் 17.6 சதவீதம் வேகமாகச் சுற்றும். இந்தக் காரில் கொடுத்த காசுக்குப் பவர் தருவது அதுதான். அப்போது இன்டேக்கின் கதையும் மாறுகிறது: காற்றோட்டம் 17.6 சதவீதம் கூடினால் இழுவை அதன் வர்க்கமாக, 38 சதவீதம் கூடும். முன்பு 30 செ.மீ. காட்டிய பெட்டி 41 காட்டும். காற்று வெளியே வரும் சூடும் கூடும், ஆகவே வாசலில் குளிர்காற்று இன்னும் அவசியம். புல்லி போட்டவருக்கு மூடிய பெட்டியும் பின்சுவர்த் திறப்பும் கட்டாயம் என்றே சொல்வேன், கூடவே ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக்கும் சூப்பர் அன்லெடட் பெட்ரோலும்.

மூடிய கிட்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், வாங்கும் முன் இவ்வளவு பாருங்கள். மூடி பானட்டோடு ரப்பரால் அழுந்தும் வகை என்றால் பானட்டை மூடித் திறந்தபின் ரப்பரில் முழுச் சுற்றும் தடம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு பக்கம் தடம் இல்லையென்றால் அங்கே சூடு உள்ளே வருகிறது. பின்பக்கக் காற்றுவழியைப் பயன்படுத்துகிறதா, அல்லது முன் மூக்குக் குழாயை மட்டும் நம்புகிறதா? இசியுவுக்கு மழை படாத சரியான இருக்கை தருகிறதா? மாற்று ஃபில்டர் தனியாகக் கிடைக்குமா? கார்பன் ஃபைபர் மூடிக்காகக் கூடுதல் விலை கொடுப்பது பானட்டைத் திறக்கும்போது கண்ணுக்கு மட்டும்.

எதைச் செய்தாலும் இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் இன்டேக், புல்லி எல்லாமே மாற்றம் என்ற கணக்கில்தான் வரும், சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் க்ளெய்மில் தகராறு வரும். கழற்றிய கம்பெனி பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள், காரை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.

முதலில் பூட்களையும் வடிகால்களையும் பாருங்கள், பிறகு தண்ணீர்க் குழாயை மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கிடைத்த இரண்டு எண்களையும், முடிந்தால் பெட்டிக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து டிராஃபிக்கில் எடுத்த வெப்பத்தையும் எழுதி அனுப்புங்கள், பின்சுவரை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.